பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

பெரிய திரையில் அந்தத் தெரு முழுக்கப் பச்சைப் புள்ளிகளாக இருந்தது. ஒரு புள்ளி ஒரு விளக்குக் கம்பம். பச்சை என்றால் எரிகிறது, சிவப்பு என்றால் பழுது, சாம்பல் என்றால் தொடர்பு அறுந்துவிட்டது. "நேற்று இரவு முழுவதும் இந்தத் தெருவில் ஒரு விளக்குகூட அணையவில்லை, மேடம்" என்றார் கட்டுப்பாட்டு மையத்தின் அதிகாரி. அவர் சொன்னது உண்மை. அதற்கான பதிவையும் எடுத்துக் காட்டினார்.

அந்த நேற்றைய இரவில், எட்டரை மணி வாக்கில், நான் அதே தெருவில் நடந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண் உடன் வந்தார். நடைபாதையில் கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. அவர் கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டுத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்கே ஒரு கல் பெயர்ந்திருக்கிறது, பார்த்து வாருங்கள்" என்று சொன்னபடி முன்னால் போனார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மரக்கிளைகளுக்கு மேலே, வாகனங்கள் ஓடும் பாதையை நோக்கித் திரும்பி எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் தார்ச்சாலையில் விழுந்தது. நடைபாதைக்கு வந்தது இலைகளின் நிழல் மட்டும்.

விளக்கோடு பொருத்திய கருவி மின்னோட்டத்தை அளக்கிறது. எத்தனை மணிக்கு எரிந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது, எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும், பழுதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளைத்தான் ஒப்பந்தப்புள்ளியில் எழுதியிருந்தார்கள். இரண்டையும் அந்தக் கருவி குறையில்லாமல் செய்கிறது. நடந்துபோகிறவருக்குத் தரை தெரிகிறதா என்ற கேள்வி அந்தத் தாள்களில் எங்கும் இல்லை. நான் வரி விடாமல் படித்துவிட்டேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் நிற்கிறது. சென்சார், கேமரா, மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு நகரத்தை நடத்தும் ஸ்மார்ட் நகரத் தொழில்நுட்பங்களைப் பெண்ணியப் பார்வையில் படிக்கிறேன். எந்த நகரம் என்று எழுத மாட்டேன். என்னிடம் பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. ஊர் பெயர் வெளியே வந்தால், பேசியது யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போதும். அவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். வேலை போனால் யாரிடமும் முறையிட முடியாதவர்கள்.

முன்மொழிவை வாசித்த நாளில் ஆய்வுக் குழுவில் ஒருவர், "சென்சாருக்கு ஆண், பெண் தெரியுமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன். சென்சாருக்குத் தெரியாது. ஆனால் அதை எந்தத் தெருவில் வைப்பது, எந்த உயரத்தில் வைப்பது, எதை எண்ணச் சொல்வது, எண்ணி வந்ததை யாருடைய மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு நாள் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து அலுவலகம், மாலையில் அலுவலகத்திலிருந்து வீடு. நகரத்தின் மென்பொருளுக்குள் அந்த நாள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஸ்மார்ட் நகரம்' என்ற பேச்சு எங்கிருந்து பெருகியது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2008 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம், கோளையே 'ஸ்மார்ட்' ஆக்குவோம் என்ற பெரும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. 2011-இல் 'ஸ்மார்ட்டர் சிட்டீஸ்' என்ற சொல்லைத் தன் வணிகச் சின்னமாகவே பதிவு செய்துகொண்டது. தமிழில் சீர்மிகு நகரம், பொலிவுறு நகரம், திறன்மிகு நகரம் என்று விதவிதமாகப் பெயர்த்துப் பார்க்கிறோம். எந்தப் பெயரை வைத்தாலும், இந்தச் சொல் பெருகியதில் நகரத்தில் வாழ்கிறவர்களைவிட நகரத்துக்குப் பொருள் விற்கிறவர்களின் பங்கு பெரிது. ஒரு நகரத்தில் என்ன குறை என்று கேட்பதற்கு முன்பே என்ன கருவி என்று பேசத் தொடங்கிவிடுகிற பழக்கம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

2010 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவில் பெருமழையும் நிலச்சரிவும் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோயின. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நகராட்சி, ஐபிஎம் துணையோடு, ஏறத்தாழ 30 துறைகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்கும் செயல்பாட்டு மையத்தைத் திறந்தது. சுவர் முழுக்கத் திரைகள், வரிசை வரிசையாக மேசைகள். உலகம் முழுவதும் அந்தப் படம் பரவியது. இந்தியாவில் 2015 ஜூன் 25-இல் தொடங்கிய ஸ்மார்ட் நகரத் திட்டத்தில் தேர்வான 100 நகரங்களிலும் இப்படியான கட்டுப்பாட்டு மையங்கள் வந்துவிட்டன. பேரிடரின்போது துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது நல்லது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது, நகரம் முழுவதும் என் கண்முன் விரிந்துவிட்டது என்ற உணர்வு வந்ததே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எந்த இடத்திலும் நிற்காமல் எல்லா இடத்தையும் பார்ப்பதாக நம்பும் அந்தப் பார்வையை, 1988-இல் டோனா ஹாராவே என்ற அறிஞர் 'கடவுள் வித்தை' என்று பெயர் சொல்லிச் சுட்டினார். எந்தப் பார்வையும் ஓர் உடலிலிருந்து, ஓர் இடத்திலிருந்துதான் புறப்படுகிறது என்பது அவர் வாதம். திரைக்கு முன்னால் நின்றபோது, முந்தைய இரவு நடைபாதையில் தடவித் தடவி வைத்த கால் எனக்கு நினைவு வந்தது.

களப்பணியில் நான் செய்யும் முதல் வேலை மிக எளியது. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை நீங்கள் போன இடங்களையெல்லாம் கோடாக வரையுங்கள்" என்று கேட்பேன். வரைந்து முடித்தபின் எதுவும் திருத்தச் சொல்ல மாட்டேன்.

ஒரு பெண் வரைந்த தாள் இதை எழுதும்போதும் என் மேசையில் இருக்கிறது. நடுவில் வீடு. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு கோடு, மகனை விட. பள்ளியிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கோடு, மாமியாரின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க. அது தயாராகவில்லை. அங்கிருந்து வேலைக்கு. நண்பகலில் பள்ளியிலிருந்து அழைப்பு, மகனுக்குக் காய்ச்சல். மறுபடி பள்ளி, அங்கிருந்து மருத்துவர், மருந்துக்கடை, வீடு. மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு மீண்டும் வேலை. திரும்பும்போது மறுபடி பரிசோதனைக் கூடம். அதற்குள் தாளில் இடம் தீர்ந்துவிட்டது. திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தார். பாதியில் நிறுத்தி, "நடந்து போனதையும் போட வேண்டுமா? அதெல்லாம் ஒரு கணக்கா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். போட்டபோது கோடுகள் இரண்டு மடங்காகிவிட்டன.

இதே நாளை நகரத்தின் தரவு எப்படிப் பார்த்திருக்கும் என்று உட்கார்ந்து கணக்கிட்டேன். பஸ் அட்டையைக் கருவியில் காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பயணம் என்று பதிவாகிறது. குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அடுத்த பஸ்ஸில் ஏறினால் இரண்டையும் ஒரே பயணமாக மென்பொருள் இணைத்துக்கொள்ளும். பள்ளி வாசலில் ஆசிரியரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் அந்த நிமிடங்கள் கடந்துவிடும், இணைப்பு அறுந்துவிடும். நடை எங்குமே பதிவாகாது. இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு அட்டை இல்லை. ஆகவே அந்தப் பஸ்ஸில் குழந்தையே இல்லை. கைப்பேசி இருப்பிடத்தை வைத்து எண்ணலாம் என்பார்கள். இந்த வீட்டில் ஒரு கைப்பேசியை மூவர் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெண்ணின் ஒரே நாள், யார் யாரோ போன துண்டு துண்டான குறும்பயணங்களாகச் சிதறி, வரைபடத்தில் மங்கலான புள்ளிகளாகப் போய்விடுகிறது. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் கோடுகளோ தடிமனாக, அழுத்தமாக நிற்கின்றன. அடுத்த ஆண்டு எந்தத் தடத்தில் கூடுதல் பஸ் விடுவது என்று முடிவு செய்கிறவர் தடித்த கோட்டைத்தான் பார்ப்பார்.

ஸ்பெயினைச் சேர்ந்த நகரத் திட்டமிடல் அறிஞர் இனெஸ் சாஞ்செஸ் தெ மதாரியாகா இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். நான் அதைப் 'பராமரிப்புப் பயணம்' என்று தமிழாக்கிக்கொள்கிறேன். குழந்தையைக் கொண்டுவிடுவது, நோயாளியை அழைத்துப்போவது, வீட்டுக்கு வேண்டியதை வாங்குவது எல்லாம் பயணக் கணக்கெடுப்புகளில் 'கடைக்கு', 'சொந்த வேலை', 'பிற' என்று வெவ்வேறு கட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஒரே கட்டத்தில் வைத்தால், வேலைப் பயணத்துக்குச் சரிநிகராக வந்து நிற்கும் அளவு பெரிதாகிவிடுகின்றன. பெயர் இல்லாததால் மட்டுமே அவை கண்ணில் படாமல் இருந்தன. கருவியை மாற்றாமல், ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்றி வரைந்து, ஒரு நகரத்தின் கண்ணைத் திறந்துவைக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா என்ற சிற்றூரின் பனி அகற்றும் கதை எங்கள் துறையில் அடிக்கடி சொல்லப்படுவது. பனி பெய்தால் முதலில் பெருஞ்சாலைகளைச் சுத்தம் செய்வார்கள், நடைபாதைகள் கடைசி. கார் ஓட்டுகிறவர்களில் ஆண்கள் அதிகம், நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று யோசித்துப் பார்த்த பிறகு வரிசையை மாற்றினார்கள். பனியில் கார் மெல்ல ஊர்ந்துவிடும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் வழுக்கி விழுவார். ஸ்டாக்ஹோமும் இதே முறைக்கு மாறியது. 2016 நவம்பரில் அங்கே பெரும்பனி கொட்டி நகரம் திணறியபோது, இந்தப் புதிய வரிசைமுறைதான் காரணம் என்று பெரிய கூச்சல் எழுந்தது. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். யாரை முதலில் நினைப்பது என்று ஒரு நகரம் வாய்விட்டுப் பேசிவிட்டால் சண்டை வரும். பழைய வரிசையும் ஒரு முடிவுதான். அது யார் காதிலும் விழாமல் எடுக்கப்பட்ட முடிவு.

வியன்னாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே 1990-களில் பூங்காக்களைக் கவனித்தபோது, ஏறத்தாழ ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைந்துவிடுவது தெரிந்தது. ஒரே பெரிய திறந்த விளையாட்டிடம் என்றால் பையன்கள் கைப்பற்றிவிடுகிறார்கள். 1999-இல் சில பூங்காக்களைப் பிரித்து, வேறு வேறு விளையாட்டுகளுக்கு இடம் ஒதுக்கி மாற்றி அமைத்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். வாசலில் ஆட்களை எண்ணும் சென்சார் இருந்திருந்தால் 'பூங்கா நன்றாகப் பயன்படுகிறது' என்றுதான் சொல்லியிருக்கும். வராதவரை எண்ணும் கருவி எதுவும் கிடையாது. அதற்கு யாராவது அந்தச் சிறுமியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.

இனி கேமராக்கள். ஸ்மார்ட் நகரம், பெண்கள் என்ற இரண்டு சொற்களும் அரசு அறிக்கையில் ஒரே வாக்கியத்தில் வந்தால் மூன்றாவதாகக் கேமரா வந்துவிடுகிறது. 2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை, தொல்லை அதிகம் நடப்பதாகக் கண்டறிந்த 200 இடங்களில், பெண்களின் முகபாவத்தைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைக்கப் போவதாக அறிவித்தது. துன்பத்தில் இருப்பதாக முகம் காட்டினால், அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு எச்சரிக்கை போகும். இந்தச் செய்தியை நான் பேட்டி கண்ட பெண்களிடம் படித்துக் காட்டினேன். வயதில் மூத்த ஓர் அக்கா நெடுநேரம் யோசித்துவிட்டு, "பயந்தால் முகத்தில் காட்டக் கூடாது என்றுதானே எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்" என்றார். ஒருவன் பின்னால் வருகிறான் என்று தெரிந்தால் நடையை மாற்றாதே, திரும்பிப் பார்க்காதே, போனில் பேசுவது போல நடி. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் இறுகிப்போன அந்த முகத்தில் கேமரா எதைப் படிக்கும்?

முகம் படிக்கும் மென்பொருள் யாரிடம் தடுமாறும் என்பதும் தெரிந்த செய்திதான். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் பாலினம் கணிக்கும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு 'மென்பொருளைத் திருத்திவிடலாம்' என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. பிழையே இல்லாமல் என் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் கேமரா, நான் யாரோடு, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் நின்றேன் என்பதையும் பிழையே இல்லாமல் சொல்லும். யாரிடம் சொல்லும் என்பதில்தான் ஒரு பெண்ணின் பாதி வாழ்க்கை இருக்கிறது. காதலை வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பெண்ணும், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வேறு தெருவில் வாழும் பெண்ணும் பார்வையிலிருந்து மறைவதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள்.

கேமராவே வேண்டாம் என்று நான் பேசியவர்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை. அதையும் நேர்மையாக எழுத வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் அனுபவம் மனதை விட்டு அகல மறுக்கிறது. தன்னை ஒருவன் பல நாள் பின்தொடர்ந்து வந்ததைப் புகார் செய்தார். எந்தக் கம்பத்தில் கேமரா இருக்கிறது என்பதைக்கூடக் குறித்துக்கொடுத்தார். காட்சியைப் பார்க்க ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய் அனுமதி வருவதற்குள் முப்பது நாள் கடந்துவிட்டது. பழைய காட்சியின் மேல் புதிய காட்சி பதிவாகிவிட்டது. "அது எல்லாவற்றையும் பார்த்தது. எனக்காகப் பார்க்கவில்லை" என்றார்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். இந்த இடத்தில் வந்து ஒரு வாரம் நின்றுவிட்டேன். தமிழில் 'பார்' என்பது கண்ணால் காண்பது. 'பார்த்துக்கொள்' என்றால் பொறுப்பை ஏற்பது. குழந்தையைப் பார்த்தேன் என்கிறவரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன் என்கிறவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள் அல்லர். 'கொள்' என்ற அந்தச் சிறிய துணைவினைக்குள் இருக்கும் உழைப்பு, நேரம், கவலை எதையும் அந்த மொழியில் ஒரே சொல்லில் பிடிக்க எனக்கு வரவில்லை. கடைசியில் தமிழ்ச் சொற்களை அப்படியே வைத்து மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். என் நெறியாளர் ஓரத்தில், "இதுதான் உங்கள் ஆய்வு. முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுபோங்கள்" என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார்.

பார்த்துக்கொள்கிறவர்களை நகரம் எப்படிப் பார்க்கிறது? சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் ஆகிய நகரங்களில் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் கைக்கடிகாரம் கட்டிவிட்ட செய்திகள் வந்தன. அவர் தன் எல்லைக்குள் இருக்கிறாரா, எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் திரையில் தெரியும். கழிப்பறைக்குப் போகும்போதும் யாரோ பார்க்கிறார்களோ என்ற அச்சத்தைப் பெண் பணியாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், போராடினார்கள்.

நான் ஆய்வு செய்யும் நகரத்திலும் அந்தக் கடிகாரம் உண்டு. விடியற்காலையில் பெருக்கத் தொடங்கும் ஓர் அக்காவுடன் பல நாள் நடந்திருக்கிறேன். கடிகாரப் பட்டை ரப்பரால் ஆனது. வியர்வை பட்டுப் பட்டு மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் போலத் தோல் வெளுத்து, ஓரத்தில் சிவந்து உரிந்திருந்தது. ஒரு நாள் கடிகாரத்தைக் கழற்றித் துடைப்பக் கட்டையில் மாட்டிக்கொண்டு பெருக்கினார். "கட்டையும் நானும் எப்படியும் ஒன்றாகத்தானே போகிறோம், கண்ணு" என்றார். அவருடைய பகுதியில் பெண்கள் போகக்கூடிய கழிப்பறை இல்லை. அடுத்த பகுதியில் இருக்கிறது. அங்கே போனால் எல்லை தாண்டியதாகத் திரையில் சிவப்புக் கோடு வரும், அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்.

இதை அதிகாரியிடம் சொன்னேன். கெட்டவர் அல்லர் அவர். உண்மையிலேயே திடுக்கிட்டார். "கழிப்பறை இருக்கும் இடம் வரைபடத்தில் இருக்கிறதே, எல்லையைக் கொஞ்சம் நீட்டிவிடலாமே" என்று உடனே கணினியைத் திறந்தார். நீட்ட முடியவில்லை. எல்லையை மாற்றும் உரிமை மென்பொருளை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்தது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தார். நான் களப்பணியை முடிக்கும்வரை பதில் வரவில்லை.

பெண்ணியம் என்றால் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று நினைக்கிறவர்களிடம் டொராண்டோவின் கதையைச் சொல்வேன். 1989-இல் அந்த நகரத்தில் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கப் பாடுபட்ட மெட்ராக் என்ற அமைப்பு, பாதுகாப்புத் தணிக்கை என்ற முறையை உருவாக்கியது. பெண்கள் சேர்ந்து இருட்டிய பிறகு தங்கள் தெருவில் நடப்பார்கள், கையில் குறிப்பேடு. எங்கே வெளிச்சம் இல்லை, எங்கே கூப்பிட்டால் யார் காதிலும் விழாது, எங்கே சுவர் மறைக்கிறது என்று எழுதுவார்கள். அந்த முறை உலகம் சுற்றியது. 2013-இல் டெல்லியில் தொடங்கிய சேஃப்டிபின் செயலி அதன் வழிவந்ததுதான். வெளிச்சம், நடைபாதை, ஆள் நடமாட்டம் என்பவற்றோடு, அங்கே பெண்கள் இருக்கிறார்களா, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதையும் அது அளவுகோலாக வைத்தது. இதுவும் தரவுதான். கம்பத்தின் உச்சியிலிருந்து எடுக்காமல் நடைபாதையிலிருந்து எடுத்த தரவு.

அதே டொராண்டோவில் 1991 முதல், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தனியாகப் போகும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில் தன் வீட்டுக்கு அருகே இறக்கிவிடச் சொல்லி பஸ் ஓட்டுநரிடம் கேட்கலாம். பின்னாளில் அது எல்லாப் பயணிகளுக்கும் விரிந்தது. சென்சார் தேவைப்படவில்லை. ஓட்டுநருக்கு ஓர் உத்தரவு போதுமாக இருந்தது. அதே நகரத்தின் ஏரிக்கரையில்தான் 2017 அக்டோபரில், கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைட்வாக் லேப்ஸ், சென்சார்களால் நெய்த புதிய குடியிருப்பு ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தது. தனியுரிமைக்கு ஆலோசகராக இருந்த ஆன் கவூக்கியன், சேகரிக்கும் தரவிலிருந்து ஆளின் அடையாளத்தை உடனே நீக்குவதை எல்லாத் தரப்பும் ஏற்கும் உறுதி கிடைக்கவில்லை என்று மறுஆண்டே விலகினார். 2020 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு கதைகளும் ஒரே ஊரில் நடந்தவை. எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாவது கதைக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் கதையை நானாகத் தேடித்தான் படித்தேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நானும் குறிப்பேட்டோடு அவர்கள் பின்னால் நடக்கிறவள்தான். ஒரு பெண், ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "வேலையிடத்தில் ஒருவர் பார்க்கிறார், வீட்டில் ஒருவர் பார்க்கிறார். நீங்கள் நல்லதற்காகத்தான் பார்க்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் வேண்டாம், அம்மா" என்றார். அவருடைய நாள் என் ஆய்வேட்டில் இல்லை. இருக்கவும் கூடாது. மறுக்கும் உரிமை என்று நான் எழுதிய பகுதி முழுவதும் அந்த மடித்த தாளிலிருந்து வந்தது. கேமராவிடம் அப்படித் திருப்பிக் கொடுக்க ஒரு தாள் கிடையாது.

களப்பணியின் கடைசி வாரத்தில் கட்டுப்பாட்டு மையத்தில் மாலைப் பணி முடியும்வரை இருந்தேன். திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களில் பாதிப்பேர் இளம்பெண்கள், ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். ஒருவருக்குப் பன்னிரண்டு காட்சிகள். ஒவ்வொரு மணிக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். பெரும்பாலும் 'நிகழ்வு எதுவும் இல்லை' என்ற வரிதான். இரவு பத்து மணிக்குப் பணி மாறும். நிறுவனம் வண்டி தருவதில்லை. பஸ் நிறுத்தம் ஏழெட்டு நிமிட நடையில் இருக்கிறது.

அன்று பணி முடிந்து கிளம்பியவருடன் நானும் நடந்தேன். வாசலைத் தாண்டியதும் அவர் கைப்பேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், அதிகம் பேசவில்லை. "இப்போது திருப்பத்தில் இருக்கிறேன்... ஆமாம், அக்கா கூட இருக்கிறார்... சரி, வெளிச்சத்திலேயே நிற்கிறேன்." யார் என்று கேட்டேன். இரவுப் பணிக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்த தோழி என்றார். பணி முடிந்து போகிறவர் பஸ் ஏறும்வரை, வந்தவர் அந்த வழியில் இருக்கும் நான்கு கேமராக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே பேசுவாராம். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "யாரும் சொல்லவில்லை, அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து செய்கிறோம். போன ஆண்டு ஒருத்தி விலகிப் போனாள். அவளுக்குப் பிறகு வந்தவளுக்கும் சொல்லிவிட்டோம்." இதை நான் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எழுதுங்கள். எந்த ஊர் என்று மட்டும் எழுதாதீர்கள்" என்றார்.

பஸ் வந்தது. படியில் கால் வைப்பதற்கு முன் நின்று, கம்பத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தி ஒரு முறை அசைத்தார். கைப்பேசியிலிருந்து, "சரி, ஏறிவிட்டாய். வைக்கிறேன்" என்ற குரல் எனக்கும் கேட்டது.